கேட்டால்தான் மாத்திரை

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் குப்பைத்தொட்டியைத் தேடியிருப்பாய். தேடு, தப்பில்லை. படித்துவிட்டுப் போடு. நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் சும்மா எழுதமாட்டாள் என்று உனக்குத் தெரியும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இடுப்பெலும்பில் புற்றுநோய். மார்பில் ஆரம்பித்து அங்கே போயிருக்கிறதாம், டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. "இனிமே வலி இல்லாம பார்த்துக்கறதுதான் சிஸ்டர் நம்ம வேலை" என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது அவர் கண்தான் கலங்கியது, கடைசியில் நான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மடத்து அப்ப அறையை, பூசைக்கு அப்பம் சுடுகிற வேலையை, விட்டாயிற்று. முப்பது வருடமாக மாவைக் கரைத்து, இரும்புத் தட்டில் ஊற்றி அழுத்தி, மெல்லிய ஏடாகச் சுட்டு, ஈரத்துணியில் பதப்படுத்தி, வட்டம் வட்டமாக வெட்டி, எத்தனையோ கோவில்களின் பூசைக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் ஒரு சின்ன சிஸ்டர் நிற்கிறாள். விளிம்பையெல்லாம் கருக்கி வைக்கிறாள் என்று கேள்வி. எழுந்து போய் நறுக்கென்று இரண்டு வார்த்தை கேட்க முடியவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமை.

நோயறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது, வாய் மட்டும் ஓயாது. ரேடியோ சிஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறோம். நிறுத்தவும் முடியாது, சத்தத்தைக் குறைக்கவும் முடியாது.

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. படுத்துவிட்டவர்களையும் மதர் சும்மா இருக்க விடமாட்டார். நோயறைக்கு வந்த அன்றே பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்காக?" என்று கேட்பார். அன்றிலிருந்து படுகிற வலியையெல்லாம் இயேசுவின் பாடுகளோடு சேர்த்து அந்த ஒருவருக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும். அதுதான் நோயறையின் வேலை. ரேடியோ சிஸ்டர் சிறையில் இருக்கிற யாரோ ஒருவனுக்காகப் படுத்திருக்கிறார். அவன் ஊர் பேர் எதுவும் அவருக்குத் தெரியாது. நான் உன்னைச் சொன்னேன். குழந்தை வாலு போன பிறகு நீ கோவில் பக்கமே போகவில்லை என்று கேள்விப்பட்டேன். நீ மறுபடி போக வேண்டும். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசையில் அப்பமாகத் தருகிற நன்மையை வாங்க வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாத்திரை இருக்கிறது. வலி பொறுக்க முடியாதபோது கேளுங்கள் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கேட்டால்தான் தருவார்கள். நான் கேட்பதில்லை. இதை மதருக்குச் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். பெருமைக்காக இல்லை. உன் பெயரில் ஒன்று நடக்கும்போது உனக்கே தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா

மே 23

அக்கா,

குப்பைத்தொட்டியைத் தேடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகப் பயமாக இருந்தது.

உன் போன கடிதம் ஞாபகம் இருக்கிறதா? வாலுவை மண்ணில் வைத்துவிட்டு வந்த வாரம். என் மகளுக்கு ஏழு வயது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம், ரத்தத்தில் கிருமி என்றார்கள், ஐந்தே நாள். நீ எழுதினாய், கடவுள் காரணமில்லாமல் எதையும் எடுக்கமாட்டார், அந்தக் குழந்தை பட்ட வலிக்கும் ஒரு பலன் இருக்கும் என்று. அதைக் கிழித்துப் போட்டேன். அதோடு உன்னையும் விட்டேன். இப்போது அதே பாட்டை உன் உடம்பை வைத்தே பாடிக்காட்டுகிறாயா?

உன் வலி எனக்கு வேண்டாம். நான் கேட்கவில்லை. கேட்காத பார்சலை யாராவது வாசலில் வைத்துவிட்டுப் போனால் திருப்பி அனுப்பிவிடுவேன். இதை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்புவது?

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்பாய். வாலுவின் அம்மா அவள் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. சண்டை ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாலு, என் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு வாலு. எத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே வீட்டில் சாப்பிடுவது? நான் இன்னும் லிஃப்ட்தான் ரிப்பேர் பார்க்கிறேன். இன்று முழுக்க ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தின் அடிக்குழிக்குள் இருந்தேன். மேலே கதவைத் திறந்து ஒரு பெரியவர், "எப்பப்பா சரியாகும், எனக்கு மூட்டு வலி" என்று கத்தினார். உலகத்தில் வலி இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கத்துகிறார்கள். நீ ஒருத்திதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாய்.

மாத்திரையைக் கேள். கேட்டேன் என்று ஒரு வரி எழுது. அதுவரை நான் உன்னோடு பேசிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

தம்பி

ஜூன் 2

தம்பி,

பேசவில்லை பேசவில்லை என்று இரண்டு பக்கம் பேசியிருக்கிறாய். சந்தோஷம்.

வாலுவின் அம்மா போனது எனக்குத் தெரியாது. அந்த வரி வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். ரேடியோ சிஸ்டர், "என்ன, வீட்ல யாராவது போயிட்டாங்களா?" என்று மடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். அவருக்கு எதையும் எழுதிக் காட்டினால்தான் புரியும். இதை என்னவென்று எழுதிக் காட்டுவது?

வலி எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்ப அறையில் இரும்புத் தட்டு இரண்டும் மூடும்போது ஓரத்தில் ஆவி சீறும். நடுவில் இருக்கிற மாவு எங்கேயும் ஓட முடியாது. அந்த மாதிரி. விரிப்பு மாற்றுவதற்காகப் புரட்டும்போதுதான் உயிர் போகிறது. முதலில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது உன் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன். விரிப்பு மாற்றுகிற சிஸ்டர், "யாரைக் கூப்பிடறீங்க?" என்று கேட்கிறாள்.

சும்மா படுகிற வலியை மாடும் படும், நாயும் படும். ஒருவருக்காக என்று ஆகிவிட்டால் அது வேலை. நான் வேலைக்காரி, தம்பி. கை ஓய்ந்த பிறகு என்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். இதையும் மாத்திரை போட்டுத் தூங்க வைத்துவிட்டால், வேளாவேளைக்கு ஊட்டிவிட்டுத் துடைத்து வைக்கிற ஒரு உடம்புதான் நான். அதை நினைத்தால் புற்றுநோயைவிடப் பயமாக இருக்கிறது.

நீதான் ஒருமுறை சொன்னாய், லிஃப்டின் மறுபக்கம் ஒரு எடைக்கட்டு தொங்கும், அது இறங்கினால்தான் பெட்டி ஏறும் என்று. நான் இறங்குகிறேன், நீ ஏறு. உன் தொழிலை வைத்தே சொல்லிவிட்டேன், இதற்குமேல் விளக்கத் தெரியாது.

பழைய கடிதம் பற்றி. எழுதிய நேரம் தப்பு. எழுதியது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. தப்பென்று சொன்னால் வாலு பட்டதற்கு ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். அதை என் வாயால் சொல்ல முடியாது. உன்னால் முடிகிறதா?

அக்கா

ஜூன் 11

அக்கா,

எடைக்கட்டு பற்றி எனக்கே பாடமா? பெட்டிக்கும் எடைக்கட்டுக்கும் நடுவில் கயிறு இருக்கிறது. இரும்புக் கயிறு. மாதாமாதம் கையால் தடவிப் பார்ப்பேன், ஒரு இழை அறுந்திருந்தாலும் உடனே சொல்லிவிடுவேன். கயிறு இல்லாமல் எடைக்கட்டு இறங்கினால் பெட்டி ஏறாது. எடைக்கட்டு குழியில் விழுந்து நொறுங்கும், பெட்டி பாதுகாப்புப் பிடிப்பில் மாட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற கயிற்றை முதலில் காட்டு.

உன்னால் முடிகிறதா என்று கேட்டிருக்கிறாய். முடிகிறது. கடைசி இரண்டு நாள் வாலுவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "எங்கப்பாவைக் கூப்பிடுங்க" என்று என்னிடமே சொன்னாள். நான்தான் அப்பா என்று சொன்னால், இல்லை என்று தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்கு ஒன்றுமே இல்லை, அக்கா. அதைக் கொடுத்து யாரும் எதையும் வாங்கவில்லை. யாராவது வாங்கியிருந்தால் அவர் முகத்தில் நான் விழிக்கமாட்டேன். ஒன்றுமே இல்லை என்று சொல்வதுதான் அவளுக்கு நான் செய்கிற மரியாதை.

உன் மதருக்கு எழுதிவிட்டேன், நீ மாத்திரை கேட்காமல் வலியை மறைக்கிறாய் என்று. கோபித்துக்கொள். எனக்குக் கவலை இல்லை.

தம்பி

ஜூன் 20

கோள்மூட்டி,

சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தக் குணம் உண்டு. அம்மாவிடம் போட்டுக்கொடுத்து எத்தனை அடி வாங்கித்தந்திருப்பாய்.

மதர் உன் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தார். "வலி எப்படி இருக்கு சிஸ்டர்?" என்றார். "பொறுக்கற மாதிரிதான் இருக்கு மதர்" என்றேன். பொய் இல்லை. பொறுத்துக்கொண்டுதானே இருக்கிறேன். அவர் கடிதத்தை மடித்து வைத்தார். "வர்ற வலியைத்தான் ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். தேடிப்போய் வாங்கற வலியை இல்ல" என்றார். பிறகு பூசை வைக்கிற சாமியாரை அனுப்பினார். மருந்து சாப்பிடுவது பாவமில்லை என்று அவரும் சொல்லிவிட்டுப் போனார். பாவம் என்று நான் எப்போது சொன்னேன்?

மதரிடம், "இது கட்டளையா?" என்று கேட்டேன். கட்டளை என்றால் மறு பேச்சு இல்லாமல் கீழ்ப்படிவேன். "கட்டளைன்னா எனக்காக முழுங்குவீங்க. நீங்களா கேக்கணும் சிஸ்டர். நான் காத்திருக்கேன்" என்றார். போகும்போது என் நெற்றியில் சிலுவை போட்டார்.

கயிறு எங்கே என்று கேட்டாயே. பெட்டிக்குள் நிற்கிறவனுக்குக் கயிறு தெரியாது, தம்பி. அதற்காகக் கயிறு இல்லையென்று ஆகிவிடுமா? என்னைக் கேட்டால் கயிறு கிறிஸ்துதான். இரண்டு பக்கமும் இழுபட்டு நடுவில் தொங்கினவர் அவர்.

வாலு தலையைத் திருப்பிக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். நான் அதை எடுத்துக்கொண்டு போய் அவர் காலடியில் வைத்தேன், வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல்.

உன்னை ஒருமுறை பார்க்க வேண்டும் போல இருக்கிறது. நோயறைக்குள் வெளியார் வரக்கூடாது, பார்வையாளர் அறை வரைக்கும் என்னைத் தூக்கிவர முடியாது. அதனால் கேட்கவில்லை. எழுத்து கோணுகிறது, இவ்வளவுதான் முடிகிறது.

அக்கா

ஜூலை 1

அக்கா,

போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து அப்படியே போனேன். நகக்கண்ணில் கிரீஸ்கூடப் போகவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வயதான சாமியார் ஒருவர் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. "எவ்வளவு நாளாச்சு?" என்றார். "நாலு வருஷம் சாமி." "ஏன்?" "என் பொண்ணு போயிட்டா சாமி." அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. "போப்பா, அவர் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு" என்று சொல்லி ஆசீர்வாதம் கொடுத்தார்.

மறுநாள் பூசைக்குப் போய் நன்மை வாங்கினேன். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, சின்ன வயதில் ஒட்டிக்கொள்ளுமே அந்த மாதிரி. விளிம்பு கருகவில்லை, நீ சுட்டதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. மனசு லேசாக இருக்கிறது.

நீ கேட்டது நடந்துவிட்டது. உன் வேலை முடிந்தது. இந்தக் கடிதத்தை மடித்து வைப்பதற்கு முன்னால் மாத்திரையைக் கேள். என்மேல் ஆணை.

தம்பி

ஜூலை 9

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்ததில் காது கேட்காத ரேடியோ சிஸ்டரே திரும்பிப் பார்த்தார். எழுதிக் காட்டினேன். கையைத் தட்டினார். "அப்ப என் ஆளும் வெளியே வந்துருவான் பாரு" என்று ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

முப்பது வருடம் அப்பம் சுட்டேன், அது யார் நாக்குக்குப் போகிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. இப்போது ஒரு நாக்கு தெரிந்துவிட்டது. எனக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? கேட்டுவிட்டார், தம்பி. இந்தக் கட்டிலில் கிடந்த ஒருத்தியை அவர் காதுகொடுத்துக் கேட்டுவிட்டார். கண்ணை மூடினால் பக்கத்தில் நிற்கிறார். நான் நன்றி சொல்கிறேன், சொல்லி முடியவில்லை, மறுபடி ஆரம்பிக்கிறேன்.

மாத்திரை பற்றிச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் யாராவது கடையை மூடுவார்களா? மதர் வந்தபோது சொல்லிவிட்டேன், அடுத்தது வாலுவின் அம்மா. அவள் உன் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். நீ வந்துவிட்டாய், அவளும் வருவாள். பலிக்குமோ பலிக்காதோ என்று தெரியாமல் பட்ட வலியையே பொறுத்தேன். பலிக்கிறது என்று தெரிந்த பிறகு பொறுக்கமாட்டேனா?

வலி இப்போது முதுகுக்கும் ஏறிவிட்டது. முந்தாநாள் விரிப்பு மாற்றும்போது கத்தினேனாம், பிறகு மயக்கம் போட்டுவிட்டேனாம். அந்தச் சிஸ்டர் அழுதுகொண்டே, "மாத்திரை எடுத்துட்டு வரவா, சரின்னு மட்டும் சொல்லுங்க" என்று கெஞ்சினாள். வேண்டாம் என்றேன். அவள் பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

வாலுவின் அம்மாவுக்கு அப்புறமும் ஆள் இருக்கிறது. என்னைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்ள வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனந்தத்தோடு, அக்கா

ஜூலை 14

அக்கா,

நான் போகவில்லை.

கோவில் வரைக்கும் போனது மட்டும்தான் நிஜம். எதிர்ப்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றேன். ஆட்கள் உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். சாமியார், அப்பம், அழுகை எல்லாம் நான் கட்டியது. மாத்திரை கேட்பாய் என்று நினைத்துக் கட்டினேன். இப்படி ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதை எழுதாமல் விட்டால் நீ சந்தோஷமாகவே போய்ச் சேருவாய். அது தெரியாமல் எழுதவில்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஆனால் நான் சொன்ன பொய்யைப் பிடித்துக்கொண்டு நீ அங்கே கத்தி மயங்கி விழுகிறாய்.

உன் வலி என்னிடம் வந்து சேரவில்லை. அவளிடமும் சேராது. மாத்திரையைக் கேள், அக்கா. காலில் விழுகிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

கேட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே கேட்டேன். விரிப்பு மாற்றுகிற சிஸ்டர் ஓடிப்போய் எடுத்துவந்தாள், நான் மனம் மாறிவிடுவேனோ என்று பயம் போலிருக்கிறது. விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. தூங்கினேன். இப்போதெல்லாம் தூக்கம்தான், அதனால்தான் எழுத இவ்வளவு நாளாயிற்று. ஊட்டிவிடுகிறார்கள், துடைத்துவிடுகிறார்கள். நீ ஆசைப்பட்டபடியே ஆயிற்று.

உன்மேல் கோபம் இல்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

ஒன்று மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. நீ நன்மை வாங்கியதாக எழுதிய கடிதத்துக்கும் அது பொய் என்று சொன்ன கடிதத்துக்கும் நடுவில் நான் இருந்த மாதிரி என் ஆயுசில் இருந்ததில்லை. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். யார் கேட்டாலும் அடித்துச் சொல்லியிருப்பேன். நான் நன்றி சொன்னேன், அவர் வாங்கிக்கொண்டார். நடக்காத ஒன்றுக்கு நான் சொன்ன நன்றியை வாங்கிக்கொண்டது யார்? அன்றைக்கு நின்றது வெறும் என் சந்தோஷம்தான் என்றால், முப்பது வருடமாக அப்ப அறையில் என்னோடு நின்றது யார்?

செபமாலை கையில் இருக்கிறது. உருட்டுகிறேன். கடையில் வாங்கிய மணி கையில் உருளுகிறது, அவ்வளவுதான். சாமியாரிடம் சொன்னேன். "இந்த வறட்சியையும் ஒப்புக்கொடுங்க சிஸ்டர்" என்றார். நல்லவர், அவருக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். கொடுக்கிற கையே போன பிறகு எதை எடுத்து எங்கே நீட்டுவது? மதர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது கொஞ்சம் பரவாயில்லை.

மற்றவர்களைக் கேட்டால் நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொல்வார்கள். நீ ஒருவன்தான் இனி என்னிடம் பொய் சொல்லமாட்டாய். அதனால் உன்னைக் கேட்கிறேன். நான் பட்டதெல்லாம் எங்கே போனது? அத்தனையும் வீண்தானா?

அக்கா

ஆகஸ்ட் 12

அக்கா,

வீண் என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். வீணில்லை என்று ஒன்று எழுதினேன், அதை இன்னும் அவசரமாகக் கிழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே கோவிலுக்குப் போனேன். இந்தத் தடவை உள்ளே போனேன். உனக்கு எழுதுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று பார்க்கத்தான். என் தலைக்கு மேலே ஒரு மின்விசிறி, பேரிங் தேய்ந்து கிரீச் கிரீச் என்று அடித்துக்கொண்டிருந்தது. பிரசங்கம் முழுக்க அதைத்தான் கேட்டேன். சிலுவையைப் பார்த்தேன். அங்கே தொங்குகிறவரும் ஏன் என்னைக் கைவிட்டாய் என்றுதான் கேட்டார். அப்போது மேலேயிருந்து பதில் வந்ததாக சின்ன வயதில் நமக்கு வேதம் சொல்லித்தந்த ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. நன்மை வாங்க எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை. எனக்கு எதுவும் தோன்றவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வாலு பட்டது எங்கே போனது என்று அன்று நான் கேட்டேன். நீ பதில் எழுதினாய், நான் கிழித்துப் போட்டேன். இன்று நீ அதையே என்னைக் கேட்கிறாய். நீ கிழித்துப் போடுவதற்குக்கூட என்னிடம் ஒரு பதில் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். நான் எதையும் நம்பாமல் இருந்த நான்கு வருடமும், எங்கேயோ ஒரு மதிலுக்குப் பின்னால் நீ நம்பிக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். தினமும் வாலுவின் பெயரைச் சொல்லி நீ செபிப்பாய் என்பதும் தெரியும். பைத்தியக்காரி என்று திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் நீ பார்த்துக்கொள்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் நம்பாமல் இருந்திருக்கிறேன். இப்போது அவள் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. உன் வலியைத்தான் எடுக்க நினைத்தேன், அக்கா. இதை எடுக்க நினைக்கவில்லை.

வாலுவின் அம்மாவிடமும் போய் உன்னைப் பற்றிச் சொன்னேன். வாசலில் நின்றே கேட்டாள். "இப்ப அவங்களுக்கு வலி இல்லைதானே?" என்றாள். இல்லை என்றேன். "அது போதும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வருவாள் என்று நினைத்துக்கொள்ளாதே.

உன்னைப் பார்க்க அனுமதி கேட்டு மதருக்கு எழுதியிருக்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 20

தம்பி,

மதர் சரி என்றுவிட்டார். பார்வையாளர் அறையில் இல்லை, நோயறைக்கே உன்னைக் கூட்டிவருவார்கள். இப்போது இங்கே நான் மட்டும்தான். ரேடியோ சிஸ்டர் போன வாரம் ஒருநாள் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். என்ன இது, அமைதியாக இருக்கிறதே என்று திரும்பிப் பார்த்தேன், போய்விட்டிருந்தார். அவர் ஆள் வெளியே வந்தானா இல்லையா என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியவில்லை. எங்கேயோ உள்ளேதான் உட்கார்ந்திருப்பான். இப்படி ஒருத்தி தனக்காகப் படுத்திருந்தாள் என்று அவனுக்கு யார் சொல்வது?

வரும்போது எதுவும் வாங்கிவராதே. கடவுளைப் பற்றிப் பேசாதே, இருக்கிறார் என்றும் வேண்டாம், இல்லை என்றும் வேண்டாம். பழுதான லிஃப்ட் கதை ஏதாவது இருந்தால் சொல். நான் பாதியில் தூங்கிவிட்டால் எழுப்பு.

வாலுவின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். சொல்லிப் பார்த்தேன். பெயர் மட்டும் வருகிறது, அதற்குப் பின்னால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன், உனக்காக.

இன்னொரு காரியம் செய்தேன். யாரிடமும் சொல்லாதே, மதருக்கு எழுதித் தொலைக்காதே. முந்தாநாள் மாத்திரையைக் கேட்கவில்லை. உனக்காக இல்லை, வாலுவின் அம்மாவுக்காக இல்லை, யாருக்காகவும் இல்லை. வலி திரும்பி வந்தால் அதோடு சேர்ந்து அவரும் வருவாரோ என்று பார்த்தேன். முன்பெல்லாம் இரண்டு பேரும் ஒன்றாகத்தானே வருவார்கள். சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். வலி வந்தது, குறைவில்லாமல் வந்தது. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அறையில்தான் வேறு யாரும் இல்லையே என்று வாய்விட்டே கூப்பிட்டேன். வலி மட்டும்தான் இருந்தது. பிறகு மாத்திரை கேட்டேன்.

நீயாவது வா.

அக்கா